வாய் திறக்கும் விளையாட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவிக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் எழுதி அனுப்பினால் அக்கா பெண் வாண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறது, என் போன் என் கையில் இருப்பதைவிட அதன் கையில் இருக்கும் நேரம்தான் அதிகம். சரி, பேசிவிடலாம் என்றால் நீ "அம்மா" என்று ஆரம்பித்த உடனேயே நான் போனை வாண்டு கையில் திணித்துவிடுகிறேன், ஏனென்று உனக்கே தெரியும், உன் குரலும் உன் அக்கா குரலும் ஒன்று. அதனால்தான் கடிதம். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே. வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. இது உன் கைக்கு வந்து சேருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும், அன்றைக்கு போன் கெட்டுப்போய்விட்டது, கூப்பிடாதே என்று அப்பா போனிலிருந்து ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். கெட்டுப்போகவில்லை. காரணம் கீழே வருகிறது.

அப்பாவுக்கு உடம்பு பரவாயில்லை, காதுதான் நாளுக்கு நாள் மந்தம். அவர் டிவி வைத்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தனியாக டிவி தேவையில்லை. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோமே, அதைப் பஞ்சில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார், போட்டால் தேய்ந்துவிடுமாம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நமக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். மாப்பிள்ளை அச்சகத்துக்குப் போகிறார், வருகிறார், முன்னறை சோபாவில் படுத்துக்கொள்கிறார். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு குழந்தையோடு இங்கே வந்ததிலிருந்து மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். தட்டில் என்ன போட்டாலும் சாப்பிடுகிறார், நான் உப்புப் போட மறந்த அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறை சொல்கிற மாப்பிள்ளையைச் சமாளித்துவிடலாம், குறையே சொல்லாத மாப்பிள்ளையை என்ன செய்வது? வாண்டு இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றாக வருகிறது. படிப்பில் கெட்டி, சாப்பாட்டில் மட்டம், அப்படியே அதன் அம்மா. முழங்காலில் எப்போதும் அழுக்கு, வாய் நிறையக் கேள்வி. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு கேள்வியை மட்டும் அது கேட்பதே இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே புரிகிறது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் குழந்தையை வார்டுக்குள் விடவில்லை, பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். எல்லாம் முடிந்தது. லீவு தீர்ந்து நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அன்றைக்கு வாண்டு அம்மா எங்கே என்று கேட்டபோது மாப்பிள்ளை வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார், "அம்மா சித்தியோட வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்காங்க" என்று. ஒரு வாரம் தள்ளிப்போடலாம், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்த வாரக் கடைசியில் நீ போன் பண்ணினாய், வாண்டு ஓடிப்போய் எடுத்தது, உன் குரலைக் கேட்டதும் "அம்மா!" என்று வீடே அதிர ஒரு கத்துக் கத்தியது. நீ அழுகையை விழுங்கிக்கொண்டு "ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டாய். உன்மேல் தப்பில்லை, அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லக் கல்நெஞ்சு வேண்டும். சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் போனை மாற்றி மாற்றி எடுத்து அப்பாவை ஏமாற்றுவீர்களே, பேசுகிறது பெரியவளா சின்னவளா என்று தெரியாமல் அவர் முழிப்பாரே, அந்த விளையாட்டு இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது? அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நீ அக்காவானாய். முகத்தைக் காட்டு என்று குழந்தை கேட்டால் மருந்துக் கம்பெனியில் கேமரா விடமாட்டார்கள் என்றாய். எப்போது வருவாய் என்றால் லீவு கிடைத்ததும் என்றாய், கொஞ்ச நாளாக அது கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார், வருஷம் திரும்பப் போகிறது. நீ கூப்பிடுகிற நேரத்துக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார், வாங்க ஒன்றும் இருக்காது, காது கேட்காத மனிதருக்கு அந்தக் குரல் மட்டும் எப்படியோ கேட்டுத் தொலைக்கிறது. அக்கா போட்டோவைக்கூட நாங்கள் சுவரில் மாட்டவில்லை, என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பெற்ற பெண் போனதற்கு வாய்விட்டு அழ முடியாமல், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், அது என் வேலை இடத்தில்தான் நடந்தது. அருங்காட்சியகத்துக் குழந்தைகள் கூடத்தில் இந்தத் தடவை பழைய எகிப்து. சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரும், வாண்டும் என்னோடு வரும். நடத்துவது அந்தச் சின்னப் பெண், பிள்ளைகள் வைத்த பெயர் கண்ணாடி டீச்சர். துணி, பசை, கத்தரிக்கோல், அழுகை, மூக்கு ஒழுகல் எல்லாம் என் இலாகா. உட்கார வைத்துச் சொன்னால் பிள்ளைகள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடும், கையால் செய்து விளையாடினால் ஆயுசுக்கும் மறக்காது என்பது டீச்சரின் கொள்கை. உண்மைதான் போலிருக்கிறது. பழுப்புக் காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கனத்தை வைத்து அழுத்திக் காய வைத்து அந்தக் காலத்து நாணல் தாள் மாதிரி செய்தோம். அதில் நீள்வட்டமாக ஒரு வளையம் போட்டு, அதற்குள் அவரவர் பெயரைப் பறவையும் பாம்புமாக எழுதினார்கள், ராஜா ராணி பெயரைத்தான் அப்படி வளையத்துக்குள் எழுதுவார்களாம், அன்றைக்குக் கூடம் முழுக்க ராஜா ராணிகள், தரையைத் துடைக்க நான் ஒருத்திதான் குடிமகள். பிறகு ஜாம் பாட்டில் நான்கு எடுத்து மூடிமேல் களிமண்ணில் தலை வைத்தோம், மனிதத் தலை, குரங்குத் தலை, நரித் தலை, பருந்துத் தலை. இறந்தவருடைய ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் அப்படித் தனித்தனி ஜாடியில் போட்டு வைப்பார்கள், இதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டுவிடுவார்கள், மூளையைக் கொக்கி விட்டு மூக்கு வழியாக இழுத்து எறிந்துவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னதும் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரமே ஒரு அம்மா சண்டைக்கு வந்துவிட்டார், "பிணத்தை வச்சா விளையாட்டு காட்டுறீங்க, எம்பையன் நூடுல்ஸை மூக்குல விட்டு இழுக்கிறான்" என்று. டீச்சர் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றாள். நம் மாப்பிள்ளைக்கும் இது பிடிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, அந்த எகிப்து வேணாமே, டைனோசர் பக்கமா கூட்டிட்டுப் போங்களேன்" என்றார். டைனோசர் மட்டும் உயிரோடவா இருக்கு மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதை யார் பாடம் பண்ணி ஜாடியில் போடுவது?

படம் வரைந்த சனிக்கிழமையைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஊர்ப் படங்களில் முகம் பக்கவாட்டில் இருக்கும், கண்ணும் தோளும் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும், பாதம் மறுபடி பக்கவாட்டில். யார் முக்கியமோ அவர் ஆளுயரத்துக்கு, மற்றவர்கள் எல்லாம் அவர் முழங்கால் உயரத்துக்கு. இந்த மாதிரி உங்கள் குடும்பத்தை வரையுங்கள் என்றாள் டீச்சர். ஒவ்வொரு பிள்ளையும் தன்னையே பெரிசாக வரைந்து வைத்திருந்தது, ஒரு பெண் தன் நாயைப் பெரிசாக வரைந்திருந்தாள். வாண்டு நம்மை எல்லாம் ஒற்றைக் கண்ணோடு வரிசையாக முழங்கால் உயரத்துக்கு நிறுத்தி, நடுவில் தாளின் உச்சி வரைக்கும் ஒரு போனை வரைந்திருந்தது. "எங்க வீட்டுல போன்தான் பாட்டி ராஜா" என்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினேன். படத்தில் அம்மா எங்கே என்று டீச்சர் கேட்டாள். வெளியூரில் வேலை பார்க்கிறாள் என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன், பக்கத்தில் வாண்டு தூரிகையைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே நின்றது, நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத்தான் ராணி. பழைய படுக்கை விரிப்பில் ஆள் பருமனுக்கு ஒரு பொம்மை தைத்துப் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன், பிள்ளைகள் குண்டு ராணி என்று பெயர் வைத்தார்கள். விரிப்புகளை நாடா நாடாவாகக் கிழித்து, பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் முக்கி உலர்த்தி, அதைச் சுற்றச் சுற்ற நடுநடுவே மணியும் தாயத்தும் சொருகினார்கள். மற்ற பிள்ளைகள் கை என்றால் கையை மொத்தமாகச் சுற்றி முடித்துவிட்டு ஓடிவிடும். வாண்டு மட்டும் விரல் விரலாகத் தனித்தனியாகச் சுற்றியது, நிஜத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்று டீச்சர் சொன்னாளாம். பிறகு ராணியைப் பெட்டியில் நிறுத்தி வைத்து வாய் திறக்கும் சடங்கு. பூசாரி ஒருவர் தச்சுக்கருவி மாதிரி ஒன்றால் இறந்தவரின் வாயைத் தொடுவார், தொட்டதும் அவருக்கு மறுபடி பேச்சு வரும், பசி வரும், மூச்சு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் கூடத்தில் ஒரு பிள்ளை பூசாரி, இன்னொரு பிள்ளை பெட்டிக்குப் பின்னால் திரை மறைவில் உட்கார்ந்து, துணிச் சுருள் சுற்றி வருகிற அட்டைக் குழாயை வாயில் வைத்து ராணியாகப் பேச வேண்டும். குழாய் எங்கள் சொந்தச் சரக்கு, அந்தப் பழியை எகிப்துக்காரர்கள் மேல் போடக் கூடாது. மற்ற பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்து ராணியைக் கேள்வி கேட்பார்கள். முதல் வாரம் ராணி பிஸ்கெட் கேட்டாள், மறுவாரம் ராணிக்கு அவசரமாக பாத்ரூம் வந்துவிட்டது, ஒரே கூத்து.

போன சனிக்கிழமை திரைக்குப் பின்னால் வாண்டின் முறை. பூசாரிப் பையன் வாயைத் தொட்டான். யாரோ ஒரு பிள்ளை ராணி ராணி எங்க இருக்கீங்க என்று கேட்டது. குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, எனக்குக் கையிலிருந்த பசைக் கிண்ணம் நழுவிவிட்டது. சின்னவளே, அது உன் பேச்சு. "ரொம்ப தூரத்துல இருக்கேன் கண்ணு. இங்க வேலை ஜாஸ்தி. கேமரால்லாம் விட மாட்டாங்க. லீவு கிடைச்சதும் ஓடி வந்துருவேன். நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று நீ இழுக்கிற இழுப்பு, நீ நிறுத்துகிற நிறுத்தம், அழுகையை மறைக்க நீ செருமுகிற செருமல்கூட அப்படியே. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள், டேய் ராணி போன்ல பேசுறாடா என்று. ஒரு குறும்பன் ராணி உங்க பெட்டி மேல நான் பெயிண்ட் கொட்டிட்டேன் என்றான். "பரவால்ல கண்ணு, நீ சமர்த்து" என்றது குரல். நான் உங்க நரித் தலையை உடைச்சிட்டேன் என்றது இன்னொன்று. "பரவால்ல கண்ணு, நீ சமர்த்து." கோவமே வராதா உங்களுக்கு என்று யாரோ கேட்டார்கள். அதற்குக் குழாயை எடுத்துவிட்டு வாண்டு தன் சொந்தக் குரலில் சொன்னது, "செத்துப்போனவங்களுக்குக் கோவம் வராது" என்று. பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கைதான். டீச்சர் கைதட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் திரைக்குப் பின்னால் போனேன். வாண்டு குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பாட்டி, ரொம்ப நேரம் இப்பிடிப் பின்னாடி உக்காந்து பேசினா வாய் வலிக்கும்ல?" என்று கேட்டது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம், எங்கள் பஸ் வந்தது, போனது, நான் எழுந்திருக்கவில்லை. ஏண்டா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். காலை ஆட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தது. "சித்தி நல்லாத்தான் பேசுறாங்க பாட்டி. ஆனா திட்டவே தெரியல. அம்மாவா இருந்தா திட்டுவாங்க." நீ நினைத்துப் பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அது வரிசையாகத் தன் குற்றங்களை ஒப்பிக்கவில்லையா, சட்டையில் மை கொட்டினேன், பாலைச் செடியில் ஊற்றினேன், டீச்சரிடம் பொய் சொன்னேன் என்று? அத்தனையும் பொய். ஒன்றையும் அது செய்யவில்லை. திட்டு வாங்குவதற்காகவே சொன்னதாம். ஏய் வாண்டு என்று ஒரு கத்தல் வராதா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்ததாம். நீ பரவாயில்லை கண்ணு, நீ சமர்த்து என்றாய். அன்றைக்கே தெரிந்துகொண்டதாம் பேசுகிறது யார் என்று. எத்தனை மாசமாக இதை மனசில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன், அதற்குக் கணக்குத் தெரியவில்லை, பல் விழுவதற்கு முன்னாடியே என்றது. அப்புறம் ஏண்டா எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தது, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "சொன்னா சித்தி அழுவாங்க. அப்பாவும் அழுவாரு. நீங்க தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுவீங்க." அதனால் தெரியாத மாதிரி ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா அம்மா என்று உன்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் குழந்தையை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அது நம்மைப் பார்த்துக்கொண்டது.

சொன்னேன். அந்த பெஞ்சிலேயே சொன்னேன், ஆமாண்டா, அம்மா செத்துப் போயிட்டாங்க என்று. அந்த வார்த்தையை நானே அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். வாண்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் கேள்விகள் வந்தன, ஒவ்வொன்றும் எனக்கு ஆயுசில் ஒரு வருஷம். அம்மாவைத் துணியில் சுற்றினார்களா? சுற்றினோம். விரலைத் தனித்தனியாகவா? இல்லை. கூட என்ன வைத்து அனுப்பினீர்கள்? ஒன்றும் வைக்கவில்லை என்றேன். "ஒண்ணுமேவா குடுத்து அனுப்பல?" என்றது, நான் ஏதோ அதைச் சாப்பாட்டு டப்பா இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்ட மாதிரி. அது எகிப்தில் ராஜா ராணிகளுக்குச் செய்வது, நம் வீட்டில் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், அதன் முகம் சமாதானமாகவில்லை, என் மனசும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னதும் மனிதர் குதித்தார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தமெல்லாம் வெளியே வந்தது, "யாரைக் கேட்டு சொன்னீங்க அத்தை, அது எம்பொண்ணு" என்று. அவர் கேட்டது நியாயம்தான். கதவை அறைந்துவிட்டு வெளியே போனவர் இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாண்டு போய் அவர் பக்கத்தில் சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. என்னோடு அவர் இன்னும் சரியாகப் பேசவில்லை, பேசுவார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டிருப்பாய், போனை அணைத்து வைத்தது நான்தான். குழந்தைக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலடியில் படுத்துக்கொண்டது, சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை, படுக்கையை நனைத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் சும்மா. இறங்கவில்லை. இத்தனை நாள் அது தனியாகச் சுமந்தது, இப்போது எல்லோரும் சேர்ந்து சுமக்கிறோம், அவ்வளவுதான். அக்கா போட்டோவை எடுத்துக் கொடுத்தேன், அதை எங்கே வைப்பது என்று அது இன்னும் முடிவு பண்ணவில்லை, கையில் வைத்துக்கொண்டே அறை அறையாகச் சுற்றுகிறது.

இனி உனக்கு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நீ குழந்தையோடு பேசும்போதெல்லாம் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். போனை சத்தமாக வைத்துப் பேசு என்று வாண்டுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கண்ணை மூடிக்கொண்டால் என் பெரியவள் எங்கேயோ இருக்கிறாள், வேலை அதிகம், லீவு கிடைத்ததும் வருவாள். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. குழந்தைக்காக, மாப்பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டு ஒரு வருஷமும் நான்தான் உன்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். நீ உன் அக்காவைப் பறிகொடுத்தவள், உன் துக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தெரியாத ஊரில் தனி அறையில் உட்கார்ந்துகொண்டு, வாரம் தவறாமல் செத்துப்போனவளாகப் பேசினாய். பேசி முடித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வாய் வலிக்குமா என்று ஏழு வயசுக் குழந்தை கேட்டது, பெற்ற எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது நீ ஒருத்தி, உன்னையும் சேர்த்தே பறிகொடுத்த மாதிரி இருந்துவிட்டேன். இனி அந்த வேலை உனக்கு வேண்டாம் கண்ணு. கூப்பிடும்போது நீயாகக் கூப்பிடு. அந்தக் குரலைக் கேட்டு நான் அழுவேன், அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், நீ அதற்காகப் போனை வைத்துவிடாதே. குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே இருக்காதே, திட்ட வேண்டிய இடத்தில் சித்தியாகத் திட்டு. உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் கனமான போர்வை வாங்கு, ராத்திரியில் தனியாக அழாதே, எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, நான் எடுப்பேன். மனசு தேறி, நீண்ட ஆயுசோடு, கூட்டும் துணையுமாக நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

மறந்துவிடாதே, இது கைக்கு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாண்டு உன் போனுக்காகக் காத்திருக்கும். பஸ் நிறுத்தத்தில் கடைசியாக அது கேட்டது ஒன்றுதான், அம்மா செத்துப்போகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. மாப்பிள்ளை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார், நான் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தேன், சித்தி மட்டும்தான் இருந்தாள் என்றேன். அப்படியென்றால் சித்தியைத்தான் கேட்க வேண்டும் என்றது. உன்னிடம் அதைத்தான் கேட்கப் போகிறது. என்ன நடந்ததோ நடந்தபடி சொல், கூட்டாதே, குறைக்காதே. அவளுக்கு வலித்ததா, குழந்தையைத் தேடினாளா, என்னைக் கூப்பிட்டாளா என்று எனக்கும் தெரியாது. இந்த வருஷம் முழுக்க உன்னைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நானும் வாண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா